பனிப்பாளம் சரிவது எப்படி: ஆல்ப்ஸில் பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

ஆல்ப்ஸ் மலைகளில் பனிச்சரிவில் சிக்கி ஆண்டுக்குச் சராசரியாக 100 பேர் இறக்கிறார்கள். பனிச்சரிவு என்றதும், உச்சியில் எங்கோ பிய்த்துக்கொண்டு கிளம்பி, கீழே போய்க்கொண்டிருப்பவர் மேல் வந்து விழுவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி நடப்பது குறைவு. மாட்டிக்கொள்கிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு, சரிவைக் கிளப்பிவிட்டது அவரேதான், அல்லது கூடப் போனவர்களில் ஒருவர். ஆகவே, சரிவு எப்படிக் கிளம்புகிறது என்று புரிந்துகொண்டால் எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்பதும் பெருமளவு பிடிபட்டுவிடும்.

கடினத்துக்கேற்ப நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறக் கம்பம் நட்ட தடங்களிலேயே சறுக்குபவர்களுக்கு இந்தக் கவலை அநேகமாக இல்லை. பனி கொட்டிய மறுநாள், சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றும் லிஃப்ட் ஓடத் தொடங்கும் முன்பே ஊழியர்கள் மேலே போய், ஆபத்தான சரிவுகளில் வெடி வைத்துப் பனியை வேண்டுமென்றே சரித்துவிடுகிறார்கள். தடத்தை மூடியிருந்தால் காரணம் கேட்காமல் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான். இனி சொல்லப்போவது, கம்பங்களைத் தாண்டி, யாரும் மிதிக்காத புதுப்பனியில் இறங்க ஆசைப்படுகிறவர்களுக்கு.

ஆளைக் கொல்வது பெரும்பாலும் பாளமாகப் பெயர்ந்து வரும் பனி. அது பெயர மூன்று விஷயங்கள் ஒன்றுகூட வேண்டும்: 30 பாகைக்குக் குறையாத சரிவு, ஒன்றோடொன்று ஒட்டி இறுகிய பனிப்பாளம், அந்தப் பாளத்துக்கு அடியில் வலுவில்லாத ஓர் அடுக்கு. முதல் இரண்டையும் ஓரளவு வெளியிலிருந்தே கணிக்கலாம். மூன்றாவது கண்ணுக்குத் தெரியாது, கதை முழுவதும் அதைச் சுற்றித்தான்.

பனி விழுந்தபடியே கிடப்பதில்லை, தரையில் கிடந்தபடியே உருமாறுகிறது. பனிப்போர்வைக்கு அடியில் தரையின் வெப்பநிலை ஏறக்குறைய 0 பாகையிலேயே நிற்கும். மேற்பரப்போ மேகமில்லாத இரவில் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு மைனஸ் 15 பாகைக்குப் போய்விடும். பனியின் ஆழம் அரை மீட்டர்தான் என்றால், அந்த அரை மீட்டருக்குள் 15 பாகை வித்தியாசம். மீட்டருக்கு 30 பாகை. மீட்டருக்கு 10 பாகையைத் தாண்டினாலே நீராவி சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு வேகமாக நகரத் தொடங்கும். கீழுள்ள பனிமணி ஆவியாகும், அந்த ஆவி மேலுள்ள மணியின் அடிப்பக்கத்தில் படியும். இப்படி நாள் கணக்கில் நடக்கும்போது, உருண்டு ஒட்டிக்கிடந்த மணிகள் தட்டையான முகங்களும் கூரிய விளிம்புகளும் கொண்ட பெரிய படிகங்களாகின்றன. அவற்றுக்கு இடையே இருந்த பிணைப்பு போய்விடுகிறது. கையில் அள்ளினால் சர்க்கரை மாதிரி விரலிடுக்கில் கொட்டும், உருண்டை பிடிக்க வராது.

இதே குளிரில் பனி 2 மீட்டர் ஆழம் இருந்தால் மீட்டருக்கு 7.5 பாகைதான். மணிகள் மெல்ல உருண்டு, ஒன்றோடொன்று ஒட்டி வலுப்பெறும். அதனால்தான் பனி குறைவாக விழுந்த ஆண்டில் ஆபத்தும் குறைவு என்று நினைப்பது தவறு. நவம்பரில் கொஞ்சம் விழுந்து, அப்புறம் வாரக்கணக்கில் வானம் தெளிந்து குளிர்ந்தால், வெயில் படாத வடக்குப் பார்த்த சரிவுகளில் அடியடுக்கு முழுக்க இப்படிக் கெட்டுப்போகும். ஜனவரியில் அதன் மேல் புதுப்பனி ஏறும்போது மேலே எல்லாம் அழகாகத்தான் இருக்கும்.

மேலே ஏறும் பாளத்தை உருவாக்குவதில் பெரும்பங்கு காற்றுக்கு. காற்று பனியை அடித்துச் செல்லும்போது படிகங்கள் நொறுங்கிப் பொடியாகி, காற்று மறைந்த பக்கத்தில் நெருக்கமாகப் படிந்து இறுகுகின்றன. புதிதாக ஒரு துளி பனி விழாமலே ஒரே இரவில் ஒரு சரிவு ஆபத்தானதாக மாற இது போதும்.

சரி, இதன் மேல் ஒருவர் வருகிறார். அவருடைய எடை பாளத்தின் வழியாக வலுவற்ற அடுக்கை அழுத்துகிறது. ஓரிடத்தில் படிகங்கள் நொறுங்கி அமுங்குகின்றன. மேலுள்ள பாளம் மில்லிமீட்டர் கணக்கில் கீழே இறங்கி வளைகிறது, அந்த வளைவு பக்கத்திலுள்ள படிகங்களை நொறுக்குகிறது, அது அதற்கடுத்ததை. இப்படி விரிசல் நொடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் சரிவு நெடுக ஓடிவிடுகிறது. சமதரையில் இது நடந்தால் ‘வும்’ என்று ஒரு அமுங்கிய சத்தம் மட்டும் கேட்கும், காலடியில் பனி சற்றே இறங்கும். மலையில் கிடைக்கும் மிகத் தெளிவான எச்சரிக்கைகளில் அந்தச் சத்தம் ஒன்று. கேட்டதும் செங்குத்தான சரிவுகளை மறந்துவிட வேண்டும். மேலே சரிவு இருந்தால், கீழே சமதரையில் நிற்பவர் தொடங்கிவைத்த விரிசலே மேலேறிப் போய்ப் பாளத்தைப் பெயர்க்கவும் கூடும்.

விரிசல் இப்படி ஓடிவிட்டால், 30 பாகைக்கு மேற்பட்ட இடத்தில் பாளம் நிற்காது. 50 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளம், அரை மீட்டர் தடிமன் என்று ஒரு சாதாரணப் பாளத்தை எடுத்துக்கொண்டால், கன மீட்டருக்கு 200 கிலோ வீதம் 250 டன். பாளம் முறியும் கோடு பெரும்பாலும் சறுக்குபவருக்கு மேற்பக்கத்தில் அமைவதால் அவர் நகரும் பாளத்தின் நடுவில் மாட்டுகிறார். ‘ஏற்கெனவே நாலைந்து பேர் போன தடம் இருக்கிறதே’ என்பது ஆறுதல் ஆகாது. பாளத்தின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். முன்னால் போனவர்கள் தடித்த பகுதியில் போயிருப்பார்கள், அடுத்தவர் பாறையோரத்தில் மெலிந்த இடத்தை மிதிப்பார், அங்கே எடை வலுவற்ற அடுக்கை எளிதில் எட்டிவிடும்.

பனியைத் தோண்டிப் பார்த்தால் அடுக்குகள் தெரியும். வெட்டிய சுவரில் மூடிய கைமுட்டி சுலபமாக உள்ளே போனால் மிக மென்மை. அடுத்து நான்கு விரல், ஒரு விரல், பென்சில், கத்தி என்று கடினம் கூடும். பென்சில் மட்டுமே போகும் அடுக்குக்கு நேர்கீழே கைமுட்டி போகும் அடுக்கு இருந்தால் கவலைப்பட வேண்டும். ஆனால் ஒரு குழி ஒரு இடத்தைப் பற்றித்தான் சொல்லும். பத்து மீட்டர் தள்ளி நிலைமை வேறாக இருக்கலாம். பழகாதவர் குழியை நம்பி முடிவெடுப்பதைவிடச் சாய்வை நம்புவது நல்லது. பாளச் சரிவுகளில் பெரும்பாலானவை 35 முதல் 45 பாகைக்குள் கிளம்புகின்றன. கண்ணால் சாய்வைக் கணிப்பதில் எல்லோரும் தவறுவார்கள், வரைபடம் அதைவிட நம்பகமானது. சுவிட்சர்லாந்தின் அரசு வரைபடத்தில் 30 பாகைக்கு மேற்பட்ட இடங்களை நிறம் தீட்டியே காட்டுகிறார்கள்; இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். போகும் வழியை மட்டுமல்ல, அதற்கு மேலே என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

அப்புறம் முன்னறிவிப்பு. சுவிட்சர்லாந்தின் தாவோஸில் உள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் நாள்தோறும் மாலை 5 மணிக்கு வெளியிடுகிறது. ஐரோப்பிய நாடுகள் 1993இல் ஒப்புக்கொண்ட ஐந்து படி ஆபத்து அளவுகோல்தான் எல்லா இடத்திலும். இதில் மூன்றாம் படியைத்தான் மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஐந்தில் மூன்று நடுத்தரம்தானே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு படிக்கும் ஆபத்து பல மடங்காக ஏறுகிறது. சுவிட்சர்லாந்தில் குளிர்கால நாட்களில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு மூன்றாம் படி அறிவிக்கப்படுகிறது. உயிரிழப்புகளில் ஏறத்தாழ பாதி அந்த நாட்களில் நடக்கிறது. நான்கும் ஐந்தும் அபூர்வம், அன்று பலரும் வெளியே போவதில்லை. சுவிஸ் மலை வழிகாட்டி வெர்னர் முன்டர் வகுத்த எளிய வரம்பு ஒன்று உண்டு: இரண்டாம் படியில் 40 பாகைக்குக் கீழ், மூன்றில் 35க்குக் கீழ், நான்கில் 30க்குக் கீழ். புதியவர்கள் இதிலும் சில பாகை குறைத்துக்கொள்வதே சரி.

எண்ணோடு நிறுத்திவிடாமல் உள்ளே படியுங்கள். எந்தத் திசைச் சரிவு, எத்தனை மீட்டர் உயரத்துக்கு மேல், என்ன வகைச் சிக்கல் என்று எழுதியிருக்கும். புதுப்பனிச் சிக்கலும் காற்றுப்பனிச் சிக்கலும் பெரும்பாலும் சில நாட்களில் தணியும். பழைய பனிக்குள் வலுவற்ற அடுக்கு என்றிருந்தால் வாரக்கணக்கில் நீடிக்கும், வெளியே அடையாளமும் காட்டாது. என்னைக் கேட்டால் அந்த வரி இருக்கும் வாரத்தில் வடக்குச் சரிவுகளை முழுவதும் விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

புதைந்துவிட்டால் நேரமே எல்லாம். சுவிட்சர்லாந்தின் 40 ஆண்டு விபத்துகளை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வின்படி, 10 நிமிடத்துக்குள் தோண்டி எடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்; 30 நிமிடத்தில் அது பத்தில் மூன்றாகிவிடுகிறது. மூச்சுத் திணறல்தான் காரணம். ஹெலிகாப்டர் அதற்குள் வருவது கடினம், எனவே காப்பாற்றப்போவது கூட இருப்பவர்தான். ஒவ்வொருவரிடமும் சமிக்ஞை அனுப்பவும் புதைந்தவரின் சமிக்ஞையைப் பிடிக்கவும் 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் தேடுகருவி, பனியில் குத்திப் பார்க்கும் மடக்குக் கம்பி, உலோக மண்வாரி மூன்றும் இருக்க வேண்டும். கருவியைப் பனியோடு ஒட்டிப் பிடித்து மிகக் குறைந்த தூர எண் காட்டும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து சுருள் வட்டமாக 25 சென்டிமீட்டருக்கு ஒரு தடவை கம்பியைச் செருக வேண்டும். ஆள் தட்டுப்பட்டால் கம்பியை உருவக்கூடாது. நேர்மேலே நின்று தோண்டாமல் சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டே உள்ளே போக வேண்டும். சரிந்து நின்ற பனி கெட்டியாக இறுகிவிடும். பிளாஸ்டிக் மண்வாரி அதில் உடையும். வாடகைக்கு எடுத்த அன்றே ஒரு முறையாவது பழகிப் பாருங்கள். வழிகாட்டியோடு போனாலும் இது மூன்றும் வேண்டும், ஏனென்றால் புதைவது வழிகாட்டியாகவும் இருக்கலாம்.

மார்ச், ஏப்ரலில் கணக்கு மாறும். அப்போது பிணைப்பைக் கெடுப்பது உருகிய நீர். இரவு தெளிந்திருந்தால் மேற்பரப்பு உறைந்து, காலையில் உறுதியாக இருக்கும். வெயில் ஏற ஏற இளகும். கிழக்குச் சரிவுகளை முதலில் முடித்து, கால் கணுக்கால்வரை ஈரப்பனியில் புதையத் தொடங்கும் முன் இறங்கிவிட வேண்டும். இரவு மேகம் மூடியிருந்து பனி உறையவே இல்லையென்றால், அன்று காலை எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும் பயனில்லை. கம்பம் நட்ட தடத்திலேயே சறுக்குங்கள்.