கூலன்ட் குறைகிறதா? தண்ணீர் பாட்டிலைக் கீழே வையுங்கள்

"அப்பப்ப கூலன்ட் குறையும் சார், தண்ணி ஊத்தி ஓட்டிட்டுதான் இருந்தோம்." இதே வசனத்தோடு இன்னொரு கார் ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருக்கிறது, கயிறு கட்டி இழுத்தபடி. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் கலந்த நிறத்தில் இருக்கிறது. ஹெட் கேஸ்கட் (இன்ஜினுக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்பு) போய், ஹெட்டும் வளைந்துவிட்டது. மாதக்கணக்கில் கசிந்த ஒரு ரப்பர் ஹோஸ்தான் இத்தனைக்கும் காரணம்.

இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலன்ட், பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற பொருள் என்று யார்தான் சொல்லிக்கொடுத்தார்களோ! இன்ஜின் அதைக் குடிப்பதில்லை. மூடிய பாதையில் அதே கூலன்ட்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. சூட்டில் ரிசர்வ் டேங்க் மட்டம் ஏறும், ஆறினால் இறங்கும். அதனால்தான் வண்டி ஆறியபின், சமதரையில் வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். பல மாதம் கழித்துக் கொஞ்சம் இறங்கியிருந்தால் கவலை வேண்டாம். மாதாமாதம் ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. "கீழே ஒரு சொட்டுகூட இல்லையே" என்பார்கள். கொதிக்கிற இன்ஜின்மேல் விழும் சொட்டு தரைக்கு வருவதற்குள் ஆவியாகிவிடும். காருக்குள் சூடு தரும் ஹீட்டர் கோரில் ஓட்டை என்றால் காலடியில் கிடக்கும் விரிப்புக்குக் கீழே ஈரம் தெரியும். கேஸ்கட் வழியாக சிலிண்டருக்குள் போனால் சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வரும். தரை காய்ந்திருப்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அடுத்தது, "தண்ணியும் அதே வேலையைத்தானே செய்யுது?" செய்யாது. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தத்தில் 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். ஊற்றுகிற ஒவ்வொரு பாட்டில் தண்ணீரும் அந்தத் தாங்குசக்தியைக் குறைக்கிறது, துருவையும் சுண்ணாம்பையும் உள்ளே சேர்க்கிறது. அவசரத்துக்கு ஊற்றி ஒர்க்‌ஷாப் வரை வாருங்கள், சரி. அதையே வழக்கமாக்காதீர்கள். கசிவை அடைக்கும் பவுடரும் வேண்டாம். அது ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடலாம்.

டெம்பரேச்சர் முள்ளையும் முழுசாக நம்பாதீர்கள். பல கார்களில் சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். அது நடுவைத் தாண்டி ஏறுகிறது என்றாலே விஷயம் கைமீறத் தொடங்கிவிட்டது. கூலன்ட் மொத்தமும் வடிந்துபோனால் சென்சார் காற்றில் தொங்கும். அப்போது முள் இறங்கிக்கூடக் காட்டும். ஓட்டுபவர் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருப்பார், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்.

முள் ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திறந்து, உடனே ஓரம் கட்டுங்கள். சிவப்பைத் தொட்டாலோ ஆவி கிளம்பினாலோ இன்ஜினையே அணைத்துவிடுங்கள். "அந்த வளைவு வரைக்கும்தானே" என்று ஓட்டிய தூரத்தில்தான் ஹெட் வளைகிறது. சூடான இன்ஜின்மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். அப்புறம், தயவுசெய்து, சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். பீறிட்டு வரும் கொதிநீரில் முகம் வெந்தால் அதைச் சரிசெய்ய எங்களிடம் பாகம் கிடையாது.

இன்றைக்கு வண்டி ஆறியதும் டேங்கில் மட்டத்தை மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். இரண்டு வாரத்தில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் மெக்கானிக்கிடம் டாப்-அப் கேட்காதீர்கள், பிரஷர் டெஸ்ட் (அழுத்தம் கொடுத்துக் கசிவைத் தேடும் சோதனை) போடச் சொல்லுங்கள். ரேடியேட்டர் மூடியையும் சேர்த்தே சோதிக்கச் சொல்லுங்கள். பல நேரம் மாற்ற வேண்டியது அது ஒன்றுதான்.