உறுதி எழுதினால் வயல் வளவாகிவிடாது

மாரிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போதே எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "சேர், பன்னிரண்டு பேர்ச் துண்டொண்டு, எல்லைக்கல் போட்டுத் தர ஏலுமா?" எங்கே என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: மெயின் ரோட்டுக்கு மேற்கே, வட்டைக்குள்ளே, அதாவது வயல்வெளிக்குள்ளே, புதிதாகக் கிறவல் மண் போட்ட இடம். காசு முழுவதும் கொடுத்தாயிற்று, உறுதியும் (விற்பனைப் பத்திரம்) முடிந்தாயிற்று. நில அளவையாளன் நான் கடைசியில்தான் வருகிறேன். போன கிழமை கிழக்கிலங்கையில் கல்முனைப் பக்கத்தில் அப்படி ஒரு துண்டைப் பார்த்துவிட்டு வேலையை ஏற்காமல் திரும்பினேன். இந்த வருடம் இது எத்தனையாவது என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

அந்த இடத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். மூன்று அடி உயரத்துக்குக் கிறவல். பழைய வரம்பு அதற்கடியில் புதைந்து கிடக்கிறது. காணியின் ஓரமாக ஓடிய வடிச்சல் வாய்க்கால், இறங்கி நின்றால் தொடையளவுக்கு வரக்கூடியது, முழுதாக மூடப்பட்டிருக்கிறது. அதற்குப் பதிலாக மண்ணுக்குள் ஒரு நாலு அங்குலப் பிவிசி குழாய். அதன் வாயில் இப்போதே ஷொப்பிங் பையும் சல்வீனியா நீர்க்களையும் அடைத்திருக்கின்றன. மேல்பக்கத்து வயல்களின் தண்ணீர் முழுவதும் இனி அந்தக் குழாய்க்குள்ளால்தான் போக வேண்டுமாம். "தண்ணி போக வழி வெச்சிருக்கு சேர்" என்று புரோக்கர் பெருமையாகக் காட்டினார். எனக்குச் சிரிப்பதா, ஏசுவதா என்று தெரியவில்லை.

அப்புறம், ஒவ்வொரு முறையும் கேட்கும் அதே வாதம்: "ஐஞ்சு வருசமா வேளாண்மை செய்யல்லயே சேர், மறுகா எப்படி இது வயல்?"

தயவுசெய்து இதை மட்டுமாவது மனதில் வையுங்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, இப்போது நெல் விதைத்திருக்கும் காணி மட்டும் நெற்காணி அல்ல. முன்பு எப்போதாவது நெல் செய்யப்பட்டு, இன்னமும் நெல்லுக்கு ஏற்றதாக இருக்கும் காணியும் நெற்காணிதான். ஐந்து வருடம் தரிசாகப் போட்டாலும் அப்படித்தான், பத்து வருடம் மாடு மேய்ந்தாலும் அப்படித்தான். புல் முளைத்ததால் வயல், வீடு கட்டும் வளவாகாது. வேலி அடைத்து நாலு தென்னம்பிள்ளை நட்டதாலும் ஆகாது. கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்புவதும், வேறு தேவைக்குப் பயன்படுத்துவதும் குற்றம்.

"உறுதியில் 'வளவு' என்றுதானே இருக்கிறது?" இருக்கட்டும். உறுதி எழுதும் நொத்தாரிசு உங்கள் கையொப்பத்துக்குச் சாட்சி, உங்கள் மண்ணுக்கு அல்ல. காணிப் பதிவகம் உறுதியைப் பதியும். அந்த இடத்தில் நெல் விளைந்ததா என்று வந்து பார்க்காது. என்னிடமே "பிளான்ல வயல் எண்டு போடாம வளவு எண்டு போட்டுத் தாங்க சேர்" என்று கேட்டவர்கள் உண்டு. நான் போட மாட்டேன். யாராவது போட்டுக் கொடுத்தாலும் கமநல சேவை நிலையத்தில் இருக்கும் விவசாயக் காணி இடாப்பு (பதிவேடு) அதைப் பார்த்து மாறப்போவதில்லை. கரண்ட் வந்துவிட்டது, பக்கத்துத் துண்டில் ஒருவர் மாடி வீடே கட்டிவிட்டார் என்பதும் அனுமதி ஆகாது. அவரிடம் அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்.

இந்த நெருக்கடி எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மட்டக்களப்பின் எழுவான்கரை கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல் துண்டு. கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவுப் பக்கமும் கிட்டத்தட்ட அதே கதைதான்: கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஊர். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் இருந்தவர்களை உள்ளே கொண்டுவரக் காணி தேவைப்பட்டபோதும் வயல்தான் நிரம்பியது. இதற்கு மேல் நமது சீதன வழக்கம். தமிழரோ முஸ்லிம்களோ, மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கல்யாணம் இல்லை. மூன்று மகள் என்றால் மூன்று வளவு. ஒரு தலைமுறைக்கு எத்தனை வட்டை வேண்டும் என்று கணக்குப் பாருங்கள். இதைப் பற்றிப் பேசினால் கோயிலிலும் கோபிப்பார்கள், பள்ளிவாசலிலும் கோபிப்பார்கள். ஆனாலும் மகளுக்கென்று மாரியில் முற்றத்தில் தண்ணீர் நிற்கும் வீட்டைக் கொடுப்பது என்ன சீதனம் என்று எனக்கு விளங்கவில்லை.

விற்கும் கமக்காரரையும் நான் குறை சொல்ல மாட்டேன். 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது வயலில் நின்றவர்களுக்குத்தான் அந்த நட்டம் தெரியும். நடுவில் நிற்பவரிடம்தான் எனக்குக் கோபம். ஏக்கருக்கு 160 பேர்ச். வயலை ஏக்கர் விலைக்கு வாங்கி, கிறவல் கொட்டி, பேர்ச் விலைக்கு விற்பது. வியாபாரம் முழுவதும் இவ்வளவுதான். மழை வரும்போது அவர் அடுத்த வட்டையில் டிப்பர் பிடித்துக்கொண்டிருப்பார்.

வெள்ளத்தைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2011 ஜனவரியும் 2024 நவம்பரும் யாருக்கும் மறந்திருக்காது. மேற்கிலிருந்து வரும் தண்ணீர் வயல்களில் பரந்து நின்று, மெல்ல வடிந்து, வாவிக்கும், கடலுக்கு வடியும் ஓடையான தோணாவுக்கும் போய்ச் சேர வேண்டும். நின்று இளைப்பாறும் இடத்தை நாம் மேடாக்கினால் அது ஊருக்குள்தான் இளைப்பாறும். ஓந்தாச்சிமடத்திலோ மட்டக்களப்பு முகத்துவாரத்திலோ வாவி கடலில் சேரும் வாயை வெட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். தண்ணீர் அங்கே போய்ச் சேர்ந்தால்தானே?

எஞ்சியிருக்கும் வயல்காரரின் பாடு தனி. நடுவில் நாலு துண்டு நிரம்பியதும் மெஷின் வயலுக்குள் இறங்க வழியில்லை. மேல்பக்கத்தில் கதிர் தண்ணீருக்குள் சாய்கிறது. கீழ்பக்கத்துக்குச் சிறுபோகத்தில் வாய்க்கால் தண்ணீர் வருவதில்லை. அவரும் இரண்டு போகம் பார்த்துவிட்டு விற்பார். இப்படித்தான் வட்டை முழுதும் போகிறது.

சரி, வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், முற்பணம் கொடுக்க முன்னர் கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள். காணியின் பெயரைச் சொல்லி இடாப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். நிரப்பப்பட்டிருந்தால் அனுமதிக் கடிதத்தின் மூலப் பிரதியைக் காட்டச் சொல்லுங்கள்; போட்டோக் கொப்பியோ வாட்ஸ்அப் படமோ போதாது. துண்டு பிரித்ததற்கு உள்ளூராட்சி சபையின் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வீட்டு வரைபடம் பாஸாகாது, வங்கியும் கடன் தராது. அரசின் குடியேற்றத் திட்டத்து அனுமதிப்பத்திரக் காணியாக இருந்தால் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அதை விற்கவே முடியாது. யாராவது குத்தகைக்குச் செய்திருந்தால், காணி கைமாறியதால் மட்டும் அவருடைய உரிமை போய்விடாது. இதையெல்லாம் விட முக்கியமாக, வயல்களின் தண்ணீரைக் கவனிக்கும் வட்டவிதானையைப் பிடித்து ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து, மார்கழியில் அந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கேளுங்கள். என்னுடைய லெவல் கருவியை விட அவருக்கு நன்றாகத் தெரியும். புரோக்கர் ஏன் எப்போதும் ஆடி, ஆவணியில் காணி காட்டுகிறார் என்பதும் அப்போது விளங்கும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? இன்னும் மண் போடவில்லை என்றால் போடாதீர்கள். உறுதியையும் பிளானையும் எடுத்துக்கொண்டு கமநல நிலையத்துக்குப் போய் உள்ளதைச் சொல்லி விண்ணப்பியுங்கள். கிடைக்குமா என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. முடிவு வரும்வரை பெரும்போகத்துக்குப் பக்கத்து வயல்காரரையே அதையும் சேர்த்து விதைக்கச் சொல்லுங்கள். வரம்பு நிற்கும், வாய்க்கால் திறந்திருக்கும், உங்கள் வீட்டுக்கும் கொஞ்சம் நெல் வரும்.