எண்ணெய்க் கிணற்றுக்குள் எரிவாயுவை இறக்குவது ஏன்?

கோவை, திருப்பூர் பக்கத்துத் தோட்டங்கள் சிலவற்றில் போர்வெல்லுக்குள் மோட்டார் இருக்காது. மேலே கம்ப்ரஸர் ஓடும், அதிலிருந்து சின்னக் குழாய் ஒன்று உள்ளே போகும். காற்று இறங்க இறங்க, பக்கத்துக் குழாயில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு விட்டுவிட்டு வந்து தொட்டியில் கொட்டும். மும்பையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி, நடுக்கடலில் உள்ள மும்பை ஹையில் ஓஎன்ஜிசி கச்சா எண்ணெய் எடுக்கும் முக்கிய வழியும் இதே தத்துவம்தான். காற்றுக்குப் பதில் அங்கே இயற்கை எரிவாயு. கேஸ் லிஃப்ட் என்பார்கள்.

வாயு எண்ணெயைக் கீழிருந்து நெட்டித் தள்ளுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். தள்ளுவது பாறைக்குள் இருக்கும் அழுத்தம். கிணறு புதிதாக இருக்கும்போது அதுவே எண்ணெயை மேலே கொண்டுவந்துவிடும். ஆண்டுகள் போகப் போக அழுத்தம் இறங்கும். போதாக்குறைக்குத் தண்ணீரும் கலந்து வர ஆரம்பிக்கும், அது எண்ணெயைவிடக் கனம். 1974-இல் கண்டுபிடித்து 1976-இல் உற்பத்தி தொடங்கிய மும்பை ஹை எண்ணெய் வயலில் இது நடக்காமல் இருக்குமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லிட்டர் 850 கிராம் எடையுள்ள எண்ணெய் 1,000 மீட்டர் உயரத்துக்கு நின்றால் அடியில் சுமார் 83 பார் அழுத்தம் கொடுக்கும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). பாறையின் அழுத்தம் 75 பார்தான் என்றால், எண்ணெய் 900 மீட்டர் வரை ஏறி நின்றுவிடும். அதில் வாயுக் குமிழ்களைக் கலந்து அடர்த்தியைப் பாதியாக்கினால் அடியில் சுமார் 42 பார்தான் இருக்கும். இப்போது பாறையின் கை ஓங்கிவிடும், எண்ணெய் ஓடத் தொடங்கும்.

சரி, வாயு எப்படி உள்ளே போகிறது? கிணற்றின் சுவராக கேசிங் என்ற இரும்புக் குழாய் இருக்கும். அதற்குள் மெலிந்த டியூபிங், எண்ணெய் ஏறுவது இதில்தான். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் வாயுவை இறக்குகிறார்கள். அடியில் பேக்கர் என்ற அடைப்பு அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டிருப்பதால், டியூபிங்கில் உள்ள வால்வைத் தவிர வாயுவுக்கு வேறு வழி இல்லை.

அடியில் ஒரே ஒரு வால்வு வைத்தால் போதாதா? ஓடிக்கொண்டிருக்கும் கிணற்றுக்குப் போதும். ஆனால் முதலில் அந்த இடைவெளி முழுக்கத் திரவம்தான் நிற்கும். அத்தனையையும் ஒரே மூச்சில் அடிவரை அமுக்க ராட்சதக் கம்ப்ரஸர் வேண்டும். அதனால் வெவ்வேறு ஆழங்களில் பல வால்வுகளை வைப்பார்கள். வாயு திரவத்தை அமுக்கி முதல் வால்வை எட்டியதும் டியூபிங்குக்குள் புகுந்து மேல்பகுதியை இலேசாக்கும். அந்தத் தயவில் திரவமட்டம் இன்னும் இறங்கி இரண்டாவது வால்வு வெளிப்படும், அப்புறம் முதலாவது தானாக மூடிக்கொள்ளும். இப்படியே கடைசி வால்வு வரை. அவசரப்பட்டு வாயுவைத் திறந்துவிட்டால், வால்வு வழியே சீறிப் பாயும் திரவம் வால்வு மூடும்போது பொருந்தி உட்காரும் இருக்கையையே அரித்துவிடும். அதனால் தொடக்கத்தில் 10 நிமிடத்துக்குச் சுமார் 50 பிஎஸ்ஐ (ஏறக்குறைய 3.4 பார்) என்ற கணக்கில் நிதானமாகத்தான் ஏற்றுவார்கள்.

தானாக மூடிக்கொள்ளும் அந்த வால்வின் விட்டம் ஒரு அங்குலம் அல்லது ஒன்றரை அங்குலம். உள்ளே நைட்ரஜன் அடைத்த உலோகத் துருத்தி ஒன்று இருக்கும். வெளியே வாயு அழுத்தம் அதிகமானால் துருத்தி சுருங்கி வழி திறக்கும், குறைந்தால் விரிந்து மூடும். மின்சாரமும் இல்லை, கம்பியும் இல்லை. பட்டறையில் இதை 15.5 டிகிரி செல்சியஸில் வைத்து அழுத்தம் சரிபார்ப்பார்கள். கிணற்றின் சூட்டில் நைட்ரஜன் அழுத்தம் ஏறும் என்பதால் அதையும் முன்பே கணக்கில் சேர்க்கவேண்டும். வால்வு கெட்டுப்போனால், மெல்லிய எஃகுக் கம்பியில் கருவியை இறக்கி, டியூபிங்கின் பக்கவாட்டுப் பையிலிருந்து கழற்றி எடுத்து வேறொன்றைப் பொருத்திவிடலாம். உள்ளே இறக்கிய மின்பம்பு பழுதானால் பெரும்பாலும் ரிக் என்ற பெரிய கிணற்று இயந்திரமே வரவேண்டும். இடநெருக்கடியான கடல்மேடையில் அது எவ்வளவு செலவு!

1900-களின் தொடக்கத்தில் டெக்சாஸில் காற்றையே அடித்துப் பார்த்தார்கள். காற்றும் எரிவாயுவும் கலந்தால் வெடிக்கும், குழாயும் துருப்பிடிக்கும். எரிவாயு என்றால் அந்தத் தலைவலி இல்லை, எண்ணெயோடு மேலே வந்ததும் பிரித்து, அமுக்கி, திரும்பவும் கீழே அனுப்பலாம்.

அதற்காக அளவில்லாமல் வாயு அடித்தால் லாபம் இல்லை. ஒரு கட்டத்துக்குமேல் வாயு வேகமாக ஓடி உராய்வைக் கூட்டும், எண்ணெய் வரத்து குறையவே செய்யும். மேடையில் கிடைக்கும் வாயுவோ அளவானது. எந்தக் கிணற்றுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் அதிக எண்ணெய் வரும் என்று பார்த்துப் பங்கிடுவதுதான் பொறியாளரின் அன்றாட வேலை. வாயுவை அமுக்கி அனுப்பும் கம்ப்ரஸர் நின்றுவிட்டால், அதை நம்பியிருக்கும் கிணறுகள் எல்லாம் சேர்ந்து படுத்துவிடும்.