கையில் பிடிப்பதெல்லாம் ‘ஹேண்ட்ஹெல்ட்’ ஆகிவிடாது

மருத்துவக் கருவிகளுக்கு ஆங்கிலத்தில் பயன்பாட்டுக் கையேடு எழுதுவதும் திருத்துவதும் என் தொழில். போன வருடம் ஒரு நெபுலைசர் கையேடு வந்தது, மருந்தை நுண்துளிகளாக்கி மூச்சில் இழுக்க வைக்கும் கருவி. முதல் பக்கத்திலேயே ‘ஹேண்ட்ஹெல்ட் நெபுலைசர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். படத்தைப் பார்த்தால், மேஜையில் வைத்து பிளக் மாட்டி ஓட்டுகிற கம்ப்ரஸர் வகை. நோயாளி கையில் பிடிப்பது குழாய் முனையில் இருக்கும் மருந்துக் கிண்ணத்தை மட்டும்தான். போன் போட்டுக் கேட்டேன். “மேலே கைப்பிடி இருக்கே சார், பிடிச்சுத் தூக்கலாமே?” என்றார் அந்த நிறுவனத்துத் தம்பி.

தமிழில் அவர் யோசித்ததில் தப்பில்லை. நமக்குக் குடையும் கையில் பிடிப்பதுதான், பால் தூக்குவாளியும் கையில் பிடிப்பதுதான். ஆங்கிலமோ கருவி ஓடும்போது அது எங்கே இருக்கிறது என்று பார்க்கிறது. கை தாங்கிக்கொண்டிருக்கும்போதே வேலை செய்தால் ‘ஹேண்ட்ஹெல்ட்’. ஆள் தூக்கிப்போய் இன்னொரு இடத்தில் வைத்தால் ‘போர்ட்டபிள்’. இரண்டு பேர் சேர்ந்து தூக்கினாலும் அதே சொல்தான். தன் சக்கரத்தில் உருண்டு போனால் ‘மொபைல்’. ஐ.ஈ.சி. என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப அமைப்பு மருத்துவ மின்கருவிகளுக்கு வகுத்த 60601-1 தரநிலை இப்படித்தான் பிரிக்கிறது. வார்டுக்கு உருட்டிக்கொண்டு வரும் எக்ஸ்ரே மெஷினை ஆஸ்பத்திரியில் எல்லோரும் ‘போர்ட்டபிள்’ என்பார்கள். தரநிலையின் கணக்கில் அது மொபைல்.

சொல்தானே, இதற்கு ஏன் இவ்வளவு என்று தோன்றலாம். சோதனைக் கூடத்துக்குப் போனால் தெரியும். ஹேண்ட்ஹெல்ட் என்று எழுதிவிட்டால் கருவியைக் குறைந்தது 1 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்ப்பார்கள், ஏனென்றால் கையில் இருப்பது நழுவும். போர்ட்டபிள் என்றால், 10 கிலோவுக்கு மேற்படாத கருவிக்கு 5 சென்டிமீட்டர் உயரம் போதும். மேஜையில் வைக்கும்போது கொஞ்சம் ‘டொக்’கென்று வைத்துவிடுவோமே, அந்த அளவு. மேஜைக் கருவியை ஒரு மீட்டரிலிருந்து போட்டால் என்ன மிஞ்சும்?

வீட்டு உபயோகப் பொருள்களுக்கு வேறு தரநிலை, ஐ.ஈ.சி. 60335-1. அதில் நிலையாகப் பொருத்தாத, 18 கிலோவுக்குக் குறைந்த எதுவும் போர்ட்டபிள். டேபிள் டாப் கிரைண்டர்கூட இதில் வந்துவிடும், இடுப்பு ஒத்துழைத்தால்! முடி உலர்த்தி ஹேண்ட்ஹெல்ட். அதன் கைப்பிடி எவ்வளவு சூடாகலாம் என்பதுகூட, தொடர்ந்து பிடிக்கிறோமா, கொஞ்ச நேரம் மட்டுமா என்பதைப் பொறுத்து மாறும்.

‘கையில் பிடிக்கலாம்’ என்பதற்கு அகராதியைப் புரட்டி எடுக்கிற சொற்கள் இன்னொரு தொல்லை. ஒருமுறை ‘டெனபிள் கிரிப்’ என்று எழுதி வந்தது. பிடி என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்த சொல்தான், ஆனால் இன்று அது ‘நிலைநிற்கும்’, ‘வைத்திருக்கலாம்’ என்ற பொருளில் வாதத்துக்கும் பதவிக்கும் போய்விட்டது. ஸ்காலர்ஷிப் மூன்று வருடம் டெனபிள் என்பார்கள். டார்ச் லைட்டை அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். ‘டாஞ்சிபிள்’ தொட முடிவது. கணக்குப் பதிவில் கட்டடமும் டாஞ்சிபிள் சொத்துதான், அதை யார் கையில் பிடிப்பது? ‘ஹோல்டபிள்’ இலக்கணப்படி சரி, ஆனால் கையேட்டில் எழுதினால் ஒட்டாது. ‘ஹேண்டி’ கைக்கு வசதியானது என்று புகழும் சொல், விளம்பரத்தோடு நிற்கட்டும்.

சரி, அந்த நெபுலைசர். கையேட்டில் ‘போர்ட்டபிள்’ என்று மாற்றிக்கொண்டார்கள். அட்டைப்பெட்டி ஏற்கெனவே அச்சாகி வந்துவிட்டதால், பெட்டிக்குப் பெட்டி ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஒட்டியது அந்தத் தம்பிதான் என்று கேள்வி.