கூடாரத்துக்குள் கொதித்த கண்ணாடி

எகிப்தில் 1850-களில் எடுத்த படங்களில் வானம் வெறும் வெள்ளையாக இருக்கும். பாலைவனத்தில் மேகம் ஏது என்று விட்டுவிடலாம். ஆனால் பளிச்சென்ற நீல வானமும் அப்படி வெளுத்துத்தான் விழுந்தது. படத்தைப் பதிய வைத்த அன்றைய வெள்ளி உப்புக்கு நீலமும் புறஊதாவும்தான் உறைக்கும். மஞ்சள் மணற்கல் மெதுவாகத்தான் பதியும். சிலை தெளிவாகத் தெரியும்வரை காத்திருந்தால் அதற்குள் வானம் வெளுத்துப்போயிருக்கும்.

1856-க்கும் 1860-க்கும் இடையில் மூன்று முறை அந்தப் பக்கம் போன ஆங்கிலேயர் ஃபிரான்சிஸ் ஃபிரித், கண்ணாடித் தகட்டில் படம் எடுத்தார். அவரிடம் இருந்ததிலேயே பெரிய கேமராவின் கண்ணாடித் தகடு 16-க்கு 20 அங்குலம். எதற்கு இவ்வளவு பெரிது? அப்போது வெளிச்சமும் இருளும் தலைகீழாகப் பதிந்த அந்தத் தகட்டை, அதாவது நெகட்டிவை, காகிதத்தின் மேல் வைத்து வெயிலில் காட்டித்தான் பிரிண்ட் போடுவார்கள். பிரிண்ட் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய நெகட்டிவ் வேண்டும்.

வேலை இதுதான். அமிலத்தில் ஊறிய பஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் தேன் போல வழியும் கொலோடியன் கிடைக்கும். அதில் அயோடைடு உப்பைச் சேர்த்து, கண்ணாடியின் நடுவில் ஊற்றி, நாலு மூலைக்கும் சாய்த்துப் பரப்பி, மிச்சத்தை ஒரு மூலை வழியாக வடித்துவிட வேண்டும். பிறகு இருட்டில், வெள்ளி நைட்ரேட் கரைசலில் சில நிமிடம் முக்கினால் ஒளியை உணரும் வெள்ளி அயோடைடு படலம் உருவாகும். ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, மருந்து ஊற்றி உருவத்தைத் தெரியவைத்தும் ஆகவேண்டும். காய்ந்தால் படலம் இறுகிவிடும், மருந்து உள்ளே இறங்காது.

சிக்கல் ஈதரில். அது 35 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஃபிரித்துக்கு இருட்டறையாக இருந்த கூடாரத்துக்குள் வெப்பம் 40-ஐத் தாண்டியது. கண்ணாடியைத் தொட்டதுமே கொலோடியன் பொங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போலத்தான் இருந்திருக்கும்! சில சமயம் பாறைக் கல்லறைகளே அவருக்கு இருட்டறை. குளுமைதான், ஆனால் ஈரக் கண்ணாடிக்கு அங்கிருந்த தூசி ஜென்மப் பகை.

அவருக்கு முன்பே, 1849-ல் வந்த பிரெஞ்சுக்காரர் மாக்ஸிம் டு காம்ப் காகித நெகட்டிவைப் பயன்படுத்தினார். அவசரம் குறைவு, உடையாது. நுணுக்கம் மட்டும் காகித நாரில் கொஞ்சம் மங்கிப்போகும். அப்புறம், நிமிடக்கணக்கில் யாரும் அசையக் கூடாது. சிலையின் உயரம் புரிவதற்காக ஹாஜி இஸ்மாயில் என்ற படகோட்டியை அதன் மேல் ஏற்றிவிடுவார். லென்ஸின் பித்தளைக் குழாய் ஒரு பீரங்கி, அசைந்தால் சுட்டுவிடும் என்று அவரிடம் சொல்லிவைத்திருந்தாராம். மோசமான தந்திரம்தான். அபு சிம்பல் கோயில் சிலையின் கிரீடத்தின் மேல் இஸ்மாயில் கொஞ்சமும் கலங்காமல் பதிந்திருக்கிறார்.