சாயவேர்: மணலுக்குள் விளையும் சிவப்பு

யாழ்ப்பாணக் கரையோர மணற்பற்றைகளுக்கிடையே குனிந்து தேடினால்தான் சாயவேர்ச் செடி கண்ணில் படும். ஏறக்குறைய ஒரு சாண் உயரம், மெல்லிய ஒடுங்கிய இலைகள், கிளை நுனியில் சிறு கொத்தாக நாலிதழ் வெள்ளைப் பூக்கள். சித்த மருத்துவத்தில் இதன் பெயர் இம்பூறல். கோப்பியும் வெட்சியும் இதன் குடும்பத்தவை.

செடியின் பெறுமதி மண்ணுக்குக் கீழே. ஈரம் தேடி இறங்கும் மெல்லிய வேரின் பட்டையில்தான் அலிசரின் முதலான சாயப்பொருட்கள் சேர்கின்றன; வேரின் நடுப்பகுதியில் அவ்வளவாக இல்லை. பட்டையை நகத்தால் சுரண்டினால் செம்மஞ்சள் தெரியும். அதில் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு வையுங்கள். காரம் பட்ட இடம் ஊதா கலந்த சிவப்பாக மாறும்.

ஆனால் வேரை மட்டும் அவித்துத் துணியை முக்கினால் நல்ல சிவப்பு வராது. அலுமினியமும் கல்சியமும் அலிசரினோடு இணைந்து நூலிழையில் கரையாத சேர்மமாகப் படிய வேண்டும். கழுவினாலும் போகாத சிவப்பு அதுதான். அலுமினியம் படிகாரத்திலிருந்து வருகிறது. கல்சியத்தை எங்கள் கிணறுகளே தருகின்றன. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல், அதில் ஊறிவரும் தண்ணீர் வன்னீர். கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கே அதற்குச் சாட்சி.

நூறு கிராம் பருத்தித் துணிக்கு இப்படித் தொடங்கலாம். முதலில் சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் அவித்துக் கஞ்சியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்குங்கள். இதில் அவசரப்பட்டால் பின்னால் திட்டுத்திட்டாகத்தான் சாயம் ஏறும். பிறகு 20 கிராம் கடுக்காய்த்தூள் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்துப் பிழிந்து காயவிடுங்கள். பருத்தி படிகாரத்தைத் தானாக இறுகப் பிடிக்காது, கடுக்காயின் துவர்ப்புப் பொருள்தான் பிடித்துக் கொடுக்கும். அடுத்து 20 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, ஆறியதும் துணியைச் சில மணி நேரம் அதில் ஊறவைத்து மெல்ல அலசுங்கள்.

இனி 100 கிராம் உலர்ந்த வேர்த்தூளும் துணி தாராளமாக மிதக்கும் அளவு தண்ணீரும். அடுப்பைச் சிறிதாக வைத்து, ஒரு மணி நேரத்தில் மெதுவாகச் சூடேற்றி, கொதிக்கவிடாமல் இன்னொரு மணி நேரம் வையுங்கள். இடையிடையே துணியைத் திருப்பிவிட வேண்டும். அப்படியே ஆறட்டும். இரும்புச் சட்டி வேண்டாம், சிவப்பு மங்கி ஊதாக்கபிலமாகிவிடும். மழைநீரில் செய்தால் நிறம் சோர்ந்து வரும். அப்போது சிறிதளவு சுண்ணாம்புக்கல் மா சேர்த்தால் போதும். நீற்றிய சுண்ணாம்பு அதிகக் காரம், அது ஆகாது.

1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் இந்த வேரைத் தங்கள் கிழக்கிந்தியக் கம்பனியின் வருமானப் பொருளாக வைத்திருந்தனர். 1868இல் கிரேபே, லீபர்மான் என்ற ஜேர்மானியர் இருவர் அலிசரினைச் செயற்கையாக உருவாக்கினர். அதன்பின் மலிவான ஆலைச் சாயம் சந்தையைப் பிடிக்க, வேர் தேடுவார் இல்லாமற் போனது.

வேர் எடுப்பவர்கள் மாரி மழைக்குப் பின், மணல் ஈரமாக இருக்கும்போது கிண்டுவது நல்லது. காய்ந்த மணல் சரிந்து குழியை மூடிவிடும். செடியைப் பிடித்து இழுத்தாலோ வேர் பாதியில் அறுந்துவிடும். ஒரு முழம் தள்ளிக் குழி எடுத்துப் பக்கவாட்டில் அணுகுங்கள். வேரோடு போனால் செடியும் போனதுதான். ஆகவே இளம் செடிகளைத் தொடாதீர்கள். முதிர்ந்ததை எடுக்கும்போதும், காய்கள் வெடித்து விதை கொட்டிய பிறகே எடுங்கள்.