பழைய வீட்டுக்குப் புது பாய்லர்: 7,500 பவுண்டு மானியம் யாருக்கு, எப்படி?

லண்டனில் பாய்லர் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் நின்றுபோகும். வீட்டில் வயதான அம்மாவும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் நடுங்கிக்கொண்டிருக்கும்போது யாருக்கும் மானியம் ஞாபகத்துக்கு வராது. "நாளைக்கே வந்து மாட்டித் தருகிறேன்" என்று சொல்பவரிடமே வேலையைக் கொடுத்துவிடுவோம். அரசு மானியத்துக்கோ சில வாரங்களாவது வேண்டும். உங்கள் பாய்லருக்குப் பன்னிரண்டு, பதினைந்து வயது ஆகியிருந்தால், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே முடிவெடுத்து வைத்துவிடுங்கள்.

திட்டத்தின் பெயர் பாய்லர் அப்கிரேட் ஸ்கீம். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது. 2022-இல் தொடங்கியது, கேஸ், மின்சாரத் துறையின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் நடத்துகிறது. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது: புது கேஸ் பாய்லருக்கு இதில் ஒரு பென்னிகூடக் கிடையாது. கேஸ், எண்ணெய் பாய்லரையோ பழைய மின்சார ஹீட்டரையோ எடுத்துவிட்டு ஹீட் பம்ப் வைப்பவர்களுக்குத்தான் பணம். வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப்புக்கு ஆரம்பத்தில் 5,000 பவுண்டு கொடுத்தார்கள். 2023 அக்டோபரில் அதை 7,500 ஆக்கினார்கள். மண்ணிலிருந்து வெப்பம் எடுக்கும் வகைக்கும் அதே 7,500. ஆனால் அதற்குத் தோட்டத்தைத் தோண்ட வேண்டும் என்பதால் ஊருக்குள் இருக்கும் வீடுகளுக்கு அது ஒத்துவராது. கேஸ் பாய்லரையும் வைத்துக்கொண்டு கூடவே ஒரு ஹீட் பம்ப் என்றால் மானியம் இல்லை.

வருமான வரம்பு கிடையாது. சொந்த வீடா, வாடகைக்கு விட்ட வீடா என்றும் பார்ப்பதில்லை. வீட்டுச் சொந்தக்காரர் என்றால் போதும். கவுன்சில் வீடுகளும், பில்டர் கட்டி விற்கும் புது வீடுகளும் இதில் வராது. முன்பு இன்னொரு தொல்லை இருந்தது. வீட்டின் ஆற்றல் திறனை மதிப்பிடும் இபிசி சான்றிதழில் "கூரைக்கடியில் (லாஃப்டில்) இன்சுலேஷன் போடுங்கள், இரட்டைச் சுவரின் நடுக்குழியை நிரப்புங்கள்" என்று பரிந்துரை இருந்தால், அதை முடித்த பிறகுதான் மானியம். 2024 மே மாதத்தில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். அதற்காக லாஃப்டை அப்படியே விட்டுவிடாதீர்கள். அங்கே கனமாக இன்சுலேஷன் போடுவது பழைய வீட்டில் செய்யக்கூடிய மலிவான வேலைகளில் ஒன்று.

விண்ணப்பம் நீங்கள் போட வேண்டியதில்லை. ஹீட் பம்ப் பொருத்துபவர்களுக்கான தரச் சான்றான எம்சிஎஸ் பெற்ற நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அவர்களே உங்கள் பெயரில் ஆஃப்ஜெம்முக்கு விண்ணப்பிப்பார்கள். அப்புறம் ஆஃப்ஜெம்மிலிருந்து உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வரும், சம்மதமா என்று கேட்டு. அதற்குப் பதில் சொல்லாவிட்டால் விண்ணப்பம் நகராது, ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். வீட்டுக்காரர் அப்பாதான், மின்னஞ்சல் பார்ப்பது மகள்தான் என்றால் முதலிலேயே எந்த முகவரியைக் கொடுப்பது என்று பேசிக்கொள்வது நல்லது. சம்மதம் போனதும் வவுச்சர் வரும். காற்று வகைக்கு அது மூன்று மாதம் செல்லும், மண் வகைக்கு ஆறு மாதம். பணம் உங்கள் கைக்கு வராது. நிறுவனத்தின் பில்லில் 7,500 கழித்துக் காட்டப்பட வேண்டும். கொட்டேஷனில் அந்த வரி தனியாகத் தெரியவில்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். வாட் (மதிப்புக் கூட்டு) வரியும் 2027 மார்ச் வரை ஹீட் பம்ப்புக்குப் பூஜ்யம். கேஸ் பாய்லருக்கு 20 சதவீதம்.

மானியம் இல்லாமல் பார்த்தால் ஹீட் பம்ப் போட்டு முடிக்க 12,000, 13,000 பவுண்டு என்பது சாதாரணம். மானியம் போக ஏறத்தாழ ஐந்தாயிரம் கையிலிருந்து போகும். கேஸ் பாய்லர் மாற்றம் மூவாயிரத்துக்குள்ளேயோ கொஞ்சம் மேலேயோ முடிந்துவிடும். வித்தியாசம் முன்பு போலப் பெரிதில்லை. ஆனால் பழைய வீட்டில் கேள்வி விலையோடு முடிவதில்லை.

ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கமெல்லாம் வரிசை வரிசையாக நிற்பவை நூறு வருடம் தாண்டிய வீடுகள். சுவர் முழுச் செங்கல், நடுவே குழி கிடையாது. கேஸ் பாய்லர் 70 டிகிரித் தண்ணீரைச் சுற்றவிட்டு, சுவர் இழக்கும் வெப்பத்தை ஈடுகட்டிவிடுகிறது. ஹீட் பம்ப் சிக்கனமாக ஓட வேண்டுமானால் தண்ணீர் 45, 50 டிகிரியில் இருக்க வேண்டும். அந்த மிதமான சூட்டிலும் அறை 20, 21 டிகிரிக்கு வர வேண்டும் என்றால் ரேடியேட்டர் பெரிதாக இருக்க வேண்டும். அதனால்தான் நல்ல நிறுவனம் முதலில் அறை அறையாக அளந்து, ஒவ்வொரு அறையும் எத்தனை வாட் இழக்கிறது என்று கணக்குப் போடும். வாசலில் நின்றே "உங்கள் வீட்டுக்கு 12 கிலோவாட்" என்று சொல்பவரை அப்படியே அனுப்பிவிடலாம். குழாய்களையும் பார்க்கச் சொல்லுங்கள். எழுபது, எண்பதுகளில் சில வீடுகளில் விரல் தடிமன்கூட இல்லாத 8, 10 மில்லிமீட்டர் செப்புக் குழாய் போட்டிருப்பார்கள். அதை மாற்றுவதென்றால் தரைப் பலகையைப் பெயர்க்க வேண்டும்.

இதைக் காசு செலவில்லாமல் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நல்ல குளிர் வாரம் ஒன்றில் கேஸ் பாய்லரின் ஹீட்டிங் தண்ணீரை 50 டிகிரிக்கு இறக்கி, நாள் முழுக்க ஓடவிடுங்கள். குளிக்கும் வெந்நீருக்கான திருகு வேறு, அதைத் தொடாதீர்கள். டேங்க் இருந்தால் அதன் சூட்டையும் குறைக்காதீர்கள். அப்படியும் வீடு சூடாக இருந்தால் ரேடியேட்டர்கள் போதும். எந்த அறை குளிர்கிறதோ, அங்கே மட்டும் மாற்றினால் சரி.

அடுத்தது வெந்நீர் டேங்க். டேங்க் இல்லாமல் உடனுக்குடன் வெந்நீர் தரும் காம்பி பாய்லர் வந்த காலத்தில், மாடிப்படி பக்கத்து அலமாரியில் இருந்த வெந்நீர் சிலிண்டரை எடுத்துவிட்டோம். நம்மவர்கள் வீட்டில் அந்த இடம் பாதி சாமி அறை, மீதி அரிசி மூட்டை என்று ஆகிவிட்டது. ஹீட் பம்ப்புக்கு மறுபடியும் ஏறத்தாழ 200 லிட்டர் சிலிண்டர் வேண்டும். சாமி படங்களை எங்கே மாற்றுவது என்று வீட்டில் முதலில் பேசுங்கள், பாதி ஹீட் பம்ப் திட்டங்கள் அங்கேதான் நிற்கும். ஒரு நல்லதும் உண்டு. தாத்தா பாட்டியோடு ஆறேழு பேர் இருக்கும் வீட்டில், காலையில் மேலே ஒருவர் குளிக்கும்போது கீழே குழாய் திறந்தால் காம்பியின் வெந்நீர் சுருங்கிவிடும். சரியான அளவு சிலிண்டர் இருந்தால் அந்தச் சண்டை இல்லை.

ஹீட் பம்ப்புக்காக வெளியே வைக்கும் பெட்டிக்கு முன்பு பக்கத்து வீட்டு எல்லையிலிருந்து ஒரு மீட்டர் இடைவெளி கட்டாயம். இங்கிலாந்தில் 2025 மே மாதக் கடைசியில் அதை நீக்கினார்கள். நெருக்கமான வீடுகளுக்கு இது பெரிய விடுதலை. சத்த வரம்பு மட்டும் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் கவுன்சிலிடம் கேட்காமல் தொடாதீர்கள். லீஸ்ஹோல்ட் (நீண்டகாலக் குத்தகை) பிளாட் என்றால் ஃப்ரீஹோல்டரின், அதாவது கட்டடத்தின் உரிமையாளரின், எழுத்து அனுமதி வேண்டும்.

பில் குறையுமா? நேர்மையான பதில்: வீட்டைப் பொறுத்தது. 2025 அக்டோபரில் வந்த ஆஃப்ஜெம் விலை உச்சவரம்பில் மின்சாரம் யூனிட்டுக்கு (ஒரு கிலோவாட்-மணி) சுமார் 26 பென்ஸாகவும், கேஸ் சுமார் 6 பென்ஸாகவும் இருந்தது. ஏறத்தாழ நான்கு மடங்கு. அந்த விலைக் கணக்கில், வருடத்துக்கு 10,000 யூனிட் வெப்பம் வேண்டிய வீட்டில், 70 சதவீதத் திறனில் ஓடும் பழைய பாய்லர் 900 பவுண்டுக்குக் கேஸ் எரிக்கும். நடைமுறையில் 90 சதவீதம் தரும் புது பாய்லர் 700 பவுண்டு. ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் தந்தால் 880 பவுண்டு. நான்கு தந்தால் 660. ஆகவே அந்த மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்தான் லாபம் இருக்கிறது, அதைத் தீர்மானிப்பது நான் மேலே சொன்ன ரேடியேட்டர் கணக்கு. கேஸ் இணைப்பையே துண்டித்தால் நிலைக்கட்டணம் வருடத்துக்கு நூறு பவுண்டுக்கு மேல் மிச்சம். ஆனால் அடுப்பும் இண்டக்ஷனுக்கு மாற வேண்டும். தோசைக்கல் அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் பார்த்துவிட்டு, சிலிண்டருக்கு இடமில்லை, பின்முற்றம் ஒரு சைக்கிள் அளவுதான் என்றால் கேஸ் பாய்லரே வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே உள்ள வீட்டில் அதை மாற்றத் தடை இல்லை. 2018 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் புது கேஸ் பாய்லருக்கு 92 சதவீதத் திறனும், நேரத்தையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்தும் கருவியும் கட்டாயம். காம்பி என்றால் வெளிக்குளிருக்கு ஏற்பச் சூட்டைச் சரிசெய்யும் வசதி, ஸ்மார்ட் கன்ட்ரோல் போன்ற நான்கில் ஒன்றும் இருக்க வேண்டும். இருப்பதைவிட பாய்லர் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைத்து 35, 40 கிலோவாட் வாங்காதீர்கள். வெந்நீருக்குத்தான் அந்த அளவு, வீட்டைச் சூடாக்க அதில் பாதிகூடத் தேவைப்படாது.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு வேறு வழி இருக்கிறது. இங்கிலாந்தில் வார்ம் ஹோம்ஸ் லோக்கல் கிராண்ட் என்ற திட்டம் 2025-இல் தொடங்கியது. குடும்ப வருமானம் 36,000 பவுண்டு அல்லது அதற்குக் கீழே, வீட்டின் இபிசி தரம் டி முதல் ஜி வரை என்றால் உங்கள் கவுன்சில் இதில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். இன்சுலேஷனும் சேர்த்துச் செய்வார்கள். ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்கு ஹோம் எனர்ஜி ஸ்காட்லாந்து மூலம் 7,500 பவுண்டு மானியமும் அதே அளவு வட்டியில்லாக் கடனும் கிடைக்கும். "இலவச பாய்லர்" என்று கதவைத் தட்டுபவர் எந்தத் திட்டத்தின் பெயரைச் சொன்னாலும், உங்கள் கையெழுத்து அன்றே வேண்டும் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேஸ் வேலை எதுவானாலும் கேஸ் சேஃப் என்ற அதிகாரபூர்வப் பட்டியலில் பதிவுள்ளவர்தான் தொட வேண்டும், அது சட்டம். அவருடைய அட்டையின் பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று எழுதியிருக்கும், திருப்பிப் பாருங்கள். வேலை முடிந்ததும் கட்டட விதிச் சான்றிதழ் தபாலில் வரும். வீட்டை விற்கும்போது சொலிசிட்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.